கருமைக்கு அப்பால் கிடைத்த வெளிச்சம்: பியேர் சூலாஜின் ஓவியங்களும் கொங்க் ஆலயத்துச் சாளரங்களும்

தென் பிரான்சின் அவேரோன் மாவட்டத்தில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொங்க் என்ற சிற்றூர் வழியே, ஸ்பெயினிலுள்ள சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவை நோக்கிச் செல்லும் பழைய யாத்திரைப் பாதைகளுள் ஒன்று போகிறது. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கி 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை எழுப்பப்பட்ட புனித ஃபுவா ஆலயம் அங்கே இருக்கிறது. அதன் மேற்கு வாயிலுக்கு மேலே, இறுதித் தீர்ப்பு நாளைச் செதுக்கிய அரைவட்டப் புடைப்புச் சிற்பத்தில் 124 உருவங்கள் நெருங்கி நிற்கின்றன. சொர்க்கம் ஒருபுறம், நரகம் மறுபுறம், நடுவில் கிறிஸ்து என்று கதை சொல்லும் அந்தக் கல்லை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே நுழைபவர்கள், சாளரங்களிலும் அதுபோன்ற கதைகளை எதிர்பார்ப்பது இயல்பு. ஷார்த்ர் பேராலயத்தின் ஆழ்ந்த நீலத்தையும் சிவப்பையும் ஏற்கனவே கண்டவர்கள் என்றால் அந்த எதிர்பார்ப்பு இன்னும் கூடுதலாகவே இருக்கும். ஆனால் உள்ளே புனிதர்களும் இல்லை, நிறங்களும் இல்லை. பால்படிந்தாற்போன்ற வெண்மையான கண்ணாடிகளும், அவற்றின் குறுக்கே சற்றே வளைந்து சாய்ந்தோடும் கருங்கோடுகளும் மட்டுமே இருக்கின்றன.

இந்த ஆலயத்தின் 104 திறப்புகளுக்கும், அதாவது 95 சாளரங்களுக்கும் 9 ஒடுங்கிய பிளவுகளுக்கும், 1987 முதல் 1994 வரை ஏழாண்டுகள் உழைத்துக் கண்ணாடி அமைத்தவர் பியேர் சூலாஜ். வாழ்நாள் முழுவதும் கருப்பையே முதன்மையான வண்ணமாகக் கையாண்ட ஓவியர் அவர். 1979க்குப் பிறகு அவருடைய கித்தான்களில் பெரும்பாலானவை விளிம்பிலிருந்து விளிம்புவரை கருப்பே. அப்படிப்பட்டவரிடம் ஒரு தேவாலயத்துக்கு வெளிச்சம் கொண்டுவரும் வேலையை ஒப்படைத்தது பலருக்கு விநோதமாகத் தோன்றியது. அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தால் அந்த விநோதம் மறைந்துவிடுகிறது. ஓவியத்திலும் கண்ணாடியிலும் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: ஒரு பொருளின்மேல் ஒளி விழும்போது அந்தப் பொருள் ஒளியை என்ன செய்கிறது?

சூலாஜ் 1919 டிசம்பர் 24 அன்று, கொங்க்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத ரொடெஸ் நகரில் பிறந்தார். வண்டிகள் செய்யும் தொழிலாளியான தந்தை, மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தாயும், வயதில் மிக மூத்த அக்காவும் சேர்ந்து அவரை வளர்த்தார்கள். வீட்டைச் சுற்றிலும் கைவினைஞர்களின் பட்டறைகள் இருந்தன. கருவியைப் பிடிக்கும் கை, வேலைக்கு இணங்கியும் இணங்காமலும் போக்குக்காட்டும் மரம், தோல், இரும்பு ஆகியவற்றைப் பார்த்தே அவர் வளர்ந்தார். பிற்காலத்தில், ஓவியப் பொருள் கடைகளில் விற்கும் மெல்லிய தூரிகைகளை ஒதுக்கிவிட்டு, சுவருக்கு வண்ணம் பூசுபவர்களின் அகலத் தூரிகைகளையும், தாமே செய்துகொண்ட சுரண்டுகருவிகளையும் அவர் பயன்படுத்தியதற்கு வேர் இந்தத் தெருவில்தான் இருக்கிறது. சிறுவயதில் ஒருநாள் வெள்ளைத் தாளில் கருமையைத் தடிமனாகத் தீட்டிக்கொண்டிருந்தபோது என்ன வரைகிறாய் என்று கேட்டவர்களுக்கு, பனி என்று பதில் சொன்னதாக அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். கருப்பு அருகில் வந்தால்தான் தாளின் வெண்மை பனியைப்போல ஒளிரும் என்பதை அந்தச் சிறுவன் எப்படியோ கண்டுகொண்டிருந்தான்.

ரொடெஸ் நகரின் ஃபெனாய் அருங்காட்சியகத்தில், வரலாற்றுக்கு முற்பட்ட மக்கள் முகமும் கைகளும் செதுக்கி நிறுத்திய நெடுங்கற்கள் இருக்கின்றன. மறுமலர்ச்சிக் காலத்தின் புகழ்பெற்ற ஓவியங்களைவிட, யார் செய்தார்கள் என்றே தெரியாத இந்தக் கற்கள்தாம் இளம் சூலாஜை அதிகம் ஈர்த்தன. பள்ளியிலிருந்து சுற்றுலாவாக அழைத்துச் சென்றபோது கொங்க் ஆலயத்துக்குள் முதன்முறையாக நின்ற அவர், தம் வாழ்க்கையைக் கலைக்கே கொடுப்பது என்று அங்கேதான் முடிவுசெய்ததாகச் சொல்லியிருக்கிறார். ஒருவர் பதின்வயதில் எடுத்த முடிவுக்கும், ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் கழித்து அதே கட்டடத்தில் செய்யக் கிடைத்த வேலைக்கும் இடையிலான இந்தப் பிணைப்பு மிக அரிதானது. கொங்க் சாளரங்களைப் புரிந்துகொள்ள இதை மறக்காமல் இருப்பது நல்லது. ஏனெனில் அவர் அங்கே வந்தது வெளியாளாக அல்ல, அந்த இடத்தால் உருவாக்கப்பட்டவராக.

1930களின் இறுதியில் பாரிஸுக்குச் சென்ற அவருக்கு அரசு நுண்கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே கற்பிக்கப்பட்டது மிகச் சாதாரணமாகத் தோன்றவே, சேராமல் ஊருக்குத் திரும்பினார். பாரிஸில் அவர் கண்ட செஸான், பிக்காசோ கண்காட்சிகள் மட்டும் மனத்தில் நின்றன. போர்க்காலத்தில் மோன்பெல்லியே நகரில் கொலெத் லோரான்ஸைச் சந்தித்தார். 1942 அக்டோபரில், செத் நகரில், நள்ளிரவில், இருவரும் கருப்பு உடையில் மணம்புரிந்துகொண்டார்கள். ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்படுவதிலிருந்து தப்ப, போலி அடையாளத்துடன் திராட்சைத் தோட்டத்தில் வேலைபார்த்த காலமும் உண்டு. போர் முடிந்த பிறகு, 1946இல், பாரிஸை அடுத்த கூர்ப்வுவாவில் குடியேறிய பின்னரே முழுநேர ஓவியரானார்.

அப்போது அவர் கையில் எடுத்தவை ஓவியர்கள் மதிக்காத பொருள்கள். அக்ரூட் காயின் பச்சைத் தோலிலிருந்து காய்ச்சியெடுக்கும் பழுப்புச் சாயம் தச்சர்கள் மரத்துக்கு நிறமேற்றப் பயன்படுத்துவது. மலிவானது, நீர்த்தால் தேன்நிறம், அடர்ந்தால் ஏறத்தாழக் கருப்பு. அதை அகலத் தூரிகையில் தோய்த்துத் தாளில் பெரும் பட்டைகளாக இழுத்தார். இடதும் வலதும் மேலும் கீழும் பாயும் அந்தப் பட்டைகள் எழுத்துபோலத் தோன்றினாலும் எழுத்தல்ல. கையசைவின் வேகத்தைப் பதிவுசெய்பவையும் அல்ல. பட்டைகளுக்கு நடுவே விடுபட்ட தாளின் வெண்மை, அவற்றின் இருட்டினால் கூர்மையடைந்து, பின்னாலிருந்து ஒளி வருவதுபோல் தெரிகிறது. சாளரத்துக்கு முன்னால் கம்பிகள் நிற்கும் காட்சியை நினைவூட்டும் இந்தத் தாள்களில் கொங்க்கின் சாளரங்கள் ஏற்கனவே இருக்கின்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

அதைவிட நேரடியான முன்னறிவிப்பு ஒன்றும் உண்டு. போரில் சேதமடைந்த பாரிஸின் லியோன் ரயில் நிலையத்துக் கண்ணாடிக் கூரையை ஒட்டுப்போட்டவர்கள், விரிசல்களின்மேல் தாரைத் தூரிகையால் அப்பியிருந்தார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்த சூலாஜுக்கு, ஒளியில் மிதக்கும் அந்தக் கருப்புத் தீற்றல்கள் எந்த ஓவியத்துக்கும் குறையாதவையாகத் தோன்றின. 1948இல் அவர் உடைந்த கண்ணாடித் துண்டுகளின்மேல் தாரைக்கொண்டே சில படைப்புகளைச் செய்தார். கண்ணாடி, அதன்மேல் கருங்கோடு, இரண்டையும் ஊடுருவும் பகலொளி: கொங்க்குக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, எந்த ஆலயத்தையும் நினையாமல், அவர் இந்த மூன்றையும் ஒன்றுசேர்த்துப் பார்த்துவிட்டார்.

புகழ் வெளிநாட்டிலிருந்தே முதலில் வந்தது. 1948இல் ஜெர்மன் நகரங்களில் சுற்றிவந்த பிரெஞ்சு அரூப ஓவியக் கண்காட்சிக்குச் சுவரொட்டியாக அமைந்தது அவருடைய அக்ரூட் சாய ஓவியம்தான். அமெரிக்க அருங்காட்சியகத் துறையில் செல்வாக்குப் பெற்றிருந்த ஜேம்ஸ் ஜான்சன் ஸ்வீனி அதே காலத்தில் அவரைத் தேடிவந்து பார்த்தார். 1950களில் நியூயார்க்கில் சாமுவேல் கூட்ஸின் கூடம் அவரைத் தொடர்ந்து காட்சிப்படுத்தியது. தம் படைப்புகளுக்குப் பெயர் வைப்பதை அவர் தவிர்த்தார். ‘ஓவியம்’ என்ற சொல், அளவு, முடித்த நாள், அவ்வளவுதான். பார்ப்பவரின் கண் ஓவியத்தை அடைவதற்கு முன்பே ஒரு சொல் குறுக்கே புகுந்துவிடக்கூடாது என்பது அவர் எண்ணம்.

1979 ஜனவரியில் நடந்ததை அவரே பலமுறை விவரித்திருக்கிறார். ஒரு கித்தானில் மணிக்கணக்காக வேலைசெய்தும் அது சரியாக வரவில்லை. கருப்பின்மேல் கருப்பாகக் குவிந்து ஒரு சேற்றில் புதைவதுபோல இருந்தது. ஆனாலும் விட மனமில்லை. களைத்துப்போய்ச் சற்று உறங்கி எழுந்துவந்து பார்த்தபோது, தாம் இதுவரை செய்துகொண்டிருந்தது கருப்பு வண்ணத்தில் ஓவியம் அல்ல, கருப்பு திருப்பியனுப்பும் ஒளியில் ஓவியம் என்று புரிந்தது. தூரிகை வரிவரியாக உழுதுவிட்ட இடங்களில் ஒளி சிதறிற்று. தட்டையான கருவியால் இழைத்துவிட்ட இடங்களில் கண்ணாடிபோல நிலைத்தது. பார்ப்பவர் ஓரடி நகர்ந்தால் இருட்டாக இருந்த பகுதி வெள்ளியாகிறது, வெள்ளி இருட்டாகிறது. அதே ஆண்டு பாரிஸின் பொம்பிதூ மையத்தில் இந்த ஓவியங்களை அவர் காட்டினார். பிரெஞ்சு மொழியில் ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பாலுள்ள நாட்டையும் ரைன் ஆற்றுக்கு அப்பாலுள்ள நாட்டையும் குறிக்க ‘ஊத்ர்’ என்ற முன்னொட்டைப் பயன்படுத்துவார்கள். அதையே கருப்புக்கு முன்னால் சேர்த்து ‘ஊத்ர்நுவார்’ என்ற சொல்லை அவர் பின்னாளில் உருவாக்கினார். கருமைக்கு அப்பாலுள்ள ஒரு நாடு, மனம் சென்று தங்கக்கூடிய வேறொரு வெளி என்பது அதன் பொருள்.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். இடைக்கால ஐரோப்பாவில் வண்ணக் கண்ணாடிச் சாளரம் செய்யும் முறை பெரிதாக மாறாமல் இன்றுவரை தொடர்கிறது. சாளரத்தின் முழு அளவில் முதலில் ஒரு மாதிரி வரைபடம் தயாராகும். நிறமேற்றிய கண்ணாடிகளை அதற்கேற்ப வெட்டி, முகத்தின் கோடுகளையும் துணியின் மடிப்புகளையும் கருநிறப் பூச்சால் தீட்டிச் சூளையில் சுடுவார்கள். பிறகு, இருபக்கமும் பள்ளமுள்ள ஈயப் பட்டைகளில் துண்டுகளைச் செருகி, சந்திகளைப் பற்றவைப்பார்கள். ஈயம் மென்மையானது, தன் எடையைத் தானே தாங்காது. ஆகவே கல்லில் பதித்த குறுக்கு இரும்புக் கம்பிகளோடு அந்தத் தகடு பிணைக்கப்படும். இந்த முறையில் ஈயக்கோட்டுக்கும் கம்பிக்கும் கிடைத்த இடம் பணியாளுக்குரியது. நிறத்தையும் உருவத்தையும் தாங்கிப்பிடிப்பதும், முடிந்தவரை கண்ணில் படாமல் ஒதுங்கியிருப்பதும் அவற்றின் கடமை.

இருபதாம் நூற்றாண்டின் பிரான்சில் இந்தக் கலை புதுவாழ்வு பெற்றதற்குக் காரணம் போர்கள்தாம் என்பது வருத்தமான உண்மை. உடைந்த ஆலயங்களுக்கு மீண்டும் கண்ணாடி வேண்டியிருந்தது. அருள்தந்தை குத்தூரியே போன்ற சிலர், பக்தியுள்ள சாதாரணக் கலைஞரைவிட நம்பிக்கையில்லாத மேதையிடம் வேலையைக் கொடுப்பது மேல் என்று துணிந்து வாதிட்டார்கள். ஆல்ப்ஸ் மலையில் அஸ்ஸி ஆலயம், தெற்கே ஓவியர் மத்தீஸின் வான்ஸ் சிற்றாலயம் ஆகியவை அந்தத் துணிவின் விளைவுகள். கிழக்கே லே பிரெஸோ என்ற சிற்றூரின் பழைய ஆலயத்தில், 1940களின் இறுதியிலேயே ஓவியர் அல்ஃபிரெத் மனேஸியே உருவமற்ற வண்ணக் கண்ணாடியைப் பொருத்தினார். ஆகவே கொங்க்கில் உருவம் இல்லாதது புதுமையல்ல. அங்கே புதியது, நிறத்தையும் கைவிட்டதுதான்.

1980களில் பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சகம் பழம்பெரும் கட்டடங்களுக்கு வாழும் கலைஞர்களிடமிருந்து படைப்புகளைக் கோரும் திட்டங்களை விரிவாக்கியபோது, கொங்க் சூலாஜிடம் வந்தது. அப்போது ஆலயத்தில் இருந்தவை, லிமோஜ் நகரின் ஃபிரான்சிஸ் ஷிகோ பட்டறை 1940களிலும் 50களிலும் செய்துகொடுத்த உருவச் சாளரங்கள். அவற்றின் பல்நிற ஒளி, கல்லின்மேல் விழுந்து அதன் நிறத்தைக் குழப்பியது என்பது சூலாஜின் கருத்து. அந்தக் கருத்தை அங்கே நின்று பார்த்தால்தான் மதிப்பிட முடியும். கொங்க்கின் கற்கள் ஒரே வகையல்ல. இளஞ்சிவப்புச் சாயல்கொண்ட மணற்கல், மஞ்சள் கலந்த சுண்ணாம்புக்கல், நீலச்சாம்பல் நிறப் பலகைக்கல் என்று பல வகைகள் ஒரே சுவரில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கட்டடத்துக்குத் தன் நிறம் ஏற்கனவே இருக்கும்போது அதன்மேல் நீலத்தையும் சிவப்பையும் கொட்டுவது, பாடிக்கொண்டிருப்பவரின் மேல் இன்னொரு பாட்டை ஒலிக்கவிடுவதைப் போன்றது.

சூலாஜ் முதலில் கட்டடத்தை அளந்து படித்தார். நடுக்கூடம் 22 மீட்டர் உயரம்; அகலமோ அந்த உயரத்தோடு ஒப்பிட மிகக் குறைவு. அரைவட்ட வளைவுகள்கொண்ட ரோமனெஸ்க் என்ற இடைக்காலப் பாணியில் கட்டிய ஆலயங்கள் பொதுவாக இருண்டவை. தடித்த சுவர்களில் பெரிய திறப்பு வைக்கக் கட்டுமானக்காரர்கள் தயங்கினார்கள். இங்கோ திறப்புகள் ஏராளம். அவை ஒரே அளவிலும் இல்லை, வடக்குப் பக்கத்துக்கும் தெற்குப் பக்கத்துக்கும் வேறுபடுகின்றன. யாரோ ஒருவர், ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன், வெளிச்சத்தைத் தூணுக்குத் தூண் திட்டமிட்டுப் பங்கிட்டிருக்கிறார் என்பதே இதன் பொருள். அந்தப் பங்கீட்டை வெளிக்கொணர்வதே தம் வேலை என்று சூலாஜ் வரையறுத்துக்கொண்டார். தம்முடைய ஓவியத்தை அங்கே மாட்டிவிடும் எண்ணம் அவருக்கு இல்லை. புகழின் உச்சியிலிருந்த ஓவியர் ஒருவர், பெயர் தெரியாத கொத்தனுக்கு இப்படி வழிவிட்டதை நான் அவருடைய மிகப்பெரிய செயலாகக் கருதுகிறேன்.

அதனால் அவர் வரைபடத்திலிருந்து தொடங்கவில்லை. ஒளியிலிருந்து, ஆகவே கண்ணாடியிலிருந்து தொடங்கினார். அவருக்கு வேண்டியிருந்தது இரண்டு குணங்கள் ஒன்றாக அமைந்த கண்ணாடி. முதலாவது, அது வெளியைக் காட்டக்கூடாது. தெளிவான கண்ணாடி வழியே மரமும் கூரையும் தெரிந்தால் பார்வை சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே ஓடிவிடும். கூடத்தின் உள்வெளி சிதைந்துவிடும். ஒளி உள்ளே வரவேண்டும், பார்வை வெளியே போகக்கூடாது. இரண்டாவது, ஒரே கண்ணாடிப் பலகைக்குள்ளேயே ஒளியைக் கசியவிடும் அளவு இடத்துக்கு இடம் மாறவேண்டும். மேற்பரப்பைத் தேய்த்தோ அமிலத்தால் அரித்தோ பூச்சுப் பூசியோ இதைப் போலிசெய்ய அவர் விரும்பவில்லை; மாறுதல் கண்ணாடியின் உடலுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்றார். சந்தையில் கிடைத்த எந்தக் கண்ணாடியும் இதற்கு ஒத்துவரவில்லை.

மார்செயில் உள்ள கண்ணாடிக் கலை ஆய்வு மையத்தில் சோதனைகள் தொடங்கின. துலூஸ் நகரத்துக் கண்ணாடிச் சாளரக் கைவினைஞர் ழான்-தொமினிக் ஃப்ளோரி தொடக்கம் முதல் இறுதிவரை உடனிருந்தார். பாரிஸை அடுத்த ஓபெர்வில்லியேயில் சான்-கோபேன் நிறுவனத்தின் ஆய்வகத்திலும் வேலை நடந்தது. நூற்றுக்கணக்கான மாதிரிகள் உருக்கப்பட்டன, ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்க்கப்பட்டன, ஒதுக்கப்பட்டன. கடைசியில் கிடைத்த வழி கேட்க எளியது. நிறமற்ற கண்ணாடியை நொறுக்கி, பொடியும் குருணையுமாக வெவ்வேறு பருமனில் சலித்தெடுத்து, அச்சில் இடத்துக்கு ஏற்றபடி பரப்பி, மீண்டும் சூடேற்றி ஒட்டச்செய்வதே அது. குருணை பெரிதாக இருக்கும் இடத்தில் ஒளி தாராளமாக வரும். பொடியான இடத்தில் தடுமாறிச் சிதறிப் பாலாகும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடி என்பது படிகமாக ஒழுங்குபட நேரமில்லாமல் உறைந்துபோன உருகுபொருள். மீண்டும் சூடேற்றும்போது, துகள்களின் மேற்பரப்பில் நுண்படிகங்கள் முளைத்துக் கண்ணாடியை மங்கச்செய்கின்றன. கண்ணாடித் தொழிலில் இது வழக்கமாகக் குற்றம். இப்படி மங்கிய பலகையைக் கழித்துவிடுவார்கள். சூலாஜ் அந்தக் குற்றத்தையே தேடிப்போனார். தச்சனின் சாயத்தையும் சாலைபோடுபவரின் தாரையும் எடுத்தவருக்கு அது புதிதான நடத்தையும் அல்ல. சாளரங்களுக்கான கண்ணாடி இறுதியாக ஜெர்மனியின் ரைனெ நகரில் தயாரிக்கப்பட்டது.

கண்ணாடி தயாரான பிறகு யாரும் திட்டமிடாத ஒன்று தெரியவந்தது. நிறமே சேர்க்காத அந்தக் கண்ணாடி, உள்ளே நின்று பார்த்தால் சில வேளைகளில் இளஞ்செம்மஞ்சள் வெதுவெதுப்பைக் காட்டியது. அதே சாளரம் வெளியே நின்று பார்த்தால் நீலச்சாயல் கொண்டிருந்தது. வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு குவளைத் தண்ணீரில் சில துளி பால் விட்டு, பின்னாலிருந்து விளக்கைக் காட்டினால், நேராகக் கடந்துவரும் ஒளி மஞ்சளேறியும், பக்கவாட்டில் சிதறும் ஒளி நீலமேறியும் தெரியும். வெள்ளொளியின் நீலக்கூறு நுண்துகள்களில் பட்டு அதிகமாகச் சிதறுவதே காரணம்; மாலைச் சூரியன் சிவப்பதும் பகல் வானம் நீலமாவதும் இதே விதியால்தான். கொங்க்கின் சாளரங்கள் நீலத்தை வெளியே திருப்பியனுப்பிவிட்டு வெம்மையை உள்ளே விடுகின்றன. ஆகவே காலையில் கிழக்கிலிருந்து வரும் ஒளிக்கும் பிற்பகலில் மேற்கிலிருந்து வரும் ஒளிக்கும் சாளரங்களின் சாயல் மாறுகிறது. நிறத்தைத் துறந்துவிட்டுப் போனவருக்கு, நாழிகைக்கு நாழிகை மாறும் நிறங்களை இயற்கையே கொண்டுவந்து கொடுத்துவிட்டது.

கோடுகள் அடுத்து வந்தன. சூலாஜ் வெண்ணிறப் பலகைகளின்மேல், சாளரங்களின் உண்மை அளவில், கருப்பு ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டி ஒவ்வொரு சாளரத்துக்கும் மாதிரி செய்தார். நாடாவைப் பென்சில் கோட்டைவிட எளிதாகப் பிய்த்து, அரை விரலளவு நகர்த்தி, மீண்டும் ஒட்டலாம். அந்த அரை விரல் நகர்வில்தான் எல்லாம் இருந்தது. கட்டடம் முழுவதும் செங்குத்தும் கிடையும் அரைவட்டமும் ஆட்சிசெய்கின்றன. அதற்குள் சாய்கோடுகளை வைத்தார். அவையும் நேர்கோடுகளாக இல்லாமல், இழுத்துக் கட்டிய கயிறு காற்றில் இலேசாகத் தொய்வதுபோல வளைகின்றன. ஒரு சாளரத்தின் கோடு ஏறினால் பக்கத்துச் சாளரத்தின் கோடு படிந்து இறங்கும். ஒன்றைப்போல இன்னொன்று இல்லை.

மரபாக வண்ணச் சாளரத்தைச் சுற்றிலும் ஓடும் கண்ணாடிக் கரைப்பட்டையை அவர் நீக்கிவிட்டார். கரை இருந்தால் அது சட்டம் போட்ட படம்போல ஆகிவிடும். இங்கே ஈயக்கோடு நேராகக் கல்லின் விளிம்பில் போய் முட்டி நிற்கிறது. பழைய கொத்தன் வெட்டிய திறப்பின் வடிவம் எந்தக் குறுக்கீடும் இல்லாமல் முழுதாகத் தெரிகிறது. பணியாளாக ஒதுங்கியிருந்த ஈயமும் குறுக்குக் கம்பியும் இங்கே வரைதலின் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டன. தாங்குவதும் அவையே, வரைவதும் அவையே. அலங்காரத்துக்காகச் சேர்த்த கோடு என்று எதையும் சுட்டமுடியாது.

ஊரில் எதிர்ப்பு இருந்தது, அதை எளிதாகத் தள்ளிவிடக்கூடாது. பழைய சாளரங்களின்கீழ் திருமுழுக்குப் பெற்று, திருமணம் செய்து, பெற்றோரை வழியனுப்பியவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். புனித ஃபுவாவின் உருவம் கண்ணாடியிலிருந்து போய்விட்டால் தங்கள் நினைவின் ஒரு பகுதி போய்விட்டதாக அவர்கள் உணர்ந்ததில் நியாயம் உண்டு. தம்மைக் கடவுள் நம்பிக்கையாளர் என்று சொல்லிக்கொள்ளாத ஒருவர், விசுவாசத்தையே பெயராகக் கொண்ட புனிதையின் ஆலயத்துக்கு வேலைசெய்வது பற்றியும் கேள்விகள் எழுந்தன. புனிதையின் பொன்னுருவச் சிலையும் வாயில் சிற்பமும் இருக்கும் இடத்தில் இன்னும் ஓர் உருவம் தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனால் அது வெளியிலிருந்து பார்க்கும் ஒருவரின் எண்ணம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இந்தச் சாளரங்களை நிழற்படங்களில் பார்த்து மதிப்பிடுவது தவறு. படத்தில் அவை வெறும் வெள்ளையும் கருப்பும். நேரில், முதலில் கண்ணைக் கவர்வது சாளரம் அல்ல, தூண். உருண்டையான அரைத்தூணின் ஒரு பக்கம் வெளிறியும் மறுபக்கம் மெல்லமெல்ல இருட்டியும் போகும் அந்தப் படிப்படியான மாற்றத்தில் எங்கும் ஒரு வெட்டுக்கோடு இல்லை. கண்ணாடியில் சிதறி வரும் ஒளிக்குக் கூர்மையான நிழல் கிடையாது. உளிபட்ட தடங்கள், காரைப்பிரிவுகள், தூண்தலைச் சிற்பங்களின் இலைமடிப்புகள் எல்லாம் அந்த மென்மையில் எழுந்துவருகின்றன. அவற்றைப் பார்த்து முடித்த பிறகே இந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று கண் தேடுகிறது.

கருப்பு ஓவியங்களுக்கும் இதற்குமுள்ள உறவு இந்த இடத்தில் தெளிவாகிறது. கித்தானில் ஒளி வந்து மோதித் திரும்புகிறது. கண்ணாடியில் ஒளி நுழைந்து தடுமாறிக் கடக்கிறது. இரண்டிலும் ஓவியர் செய்வது பொருளின் பரப்பையோ உள்ளுடலையோ இடத்துக்கு இடம் மாற்றி, ஒளியின் போக்கைச் சீர்செய்வதே. தூரிகை உழுத வரிக்கும், சலித்தெடுத்த குருணைக்கும் வேலை ஒன்றுதான். இரண்டின் முன்னாலும் பார்ப்பவர் ஒரே இடத்தில் நின்றுவிட முடியாது: ஓவியத்தின்முன் அவர் நடக்கவேண்டும், ஆலயத்தில் அவர் காத்திருக்கவேண்டும்.

1994இல் சாளரங்கள் முழுமையாகப் பொருத்தப்பட்டபோது சூலாஜுக்கு எழுபத்து நான்கு வயது. அதன்பின்னும் இருபத்தெட்டு ஆண்டுகள் அவர் பாரிஸிலும், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி செத் நகரில் கட்டிக்கொண்ட வீட்டிலும் ஓவியம் தீட்டினார். 2014இல் ரொடெஸில் அவர் பெயரிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கட்டலோனியாவைச் சேர்ந்த ஆர்சிஆர் கட்டடக்கலைஞர்கள் துருநிற எஃகால் எழுப்பிய அந்தக் கட்டடத்துக்கு, அக்ரூட் சாயத் தாள்களும் கொங்க் சாளரங்களின் மாதிரிப் பலகைகளும் அடங்கிய பெருந்தொகுப்பை அவரும் கொலெத்தும் நன்கொடையாகக் கொடுத்தார்கள். பிற கலைஞர்களின் கண்காட்சிகளுக்கென 500 சதுர மீட்டர் ஒதுக்கவேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. 2019 டிசம்பரில், நூறாவது பிறந்தநாளையொட்டி, லூவ்ர் அருங்காட்சியகம் தன் புகழ்பெற்ற சதுரக்கூடத்தை அவருடைய ஓவியங்களுக்குக் கொடுத்தது. வாழும்போதே அங்கே தனிக் கண்காட்சி கண்டவர்கள் மிகச் சிலர். 2022 அக்டோபரில், 102ஆம் வயதில், அவர் மறைந்தார். கொலெத்துடன் அவர் எண்பதாண்டுகள் வாழ்ந்திருந்தார்.

ரொடெஸ் அருங்காட்சியகத்தில் அந்த மாதிரிப் பலகைகளைப் பார்த்துவிட்டுக் கொங்க்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பலகையில் ஒட்டிய கருப்பு நாடா, அங்கே ஈயமாகிக் கல்லில் முடிகிறது. பலகையின் அசையாத வெண்மை, அங்கே மணிக்கு மணி நிறம் மாறும் கண்ணாடியாகிறது. போகிறவர்கள் பிற்பகலில் சென்று, பொழுது சாயும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பது நல்லது. தெற்குச் சாளரங்களின் வெம்மை மெல்லத் தணிந்து, தூண்களின் வளைவு ஒவ்வொன்றாக மங்கி, கடைசியாக ஈயக்கோடுகள் மட்டும் கொஞ்சநேரம் எஞ்சியிருக்கும். பிறகு வெளியே வந்து திரும்பிப் பார்த்தால், அதே கண்ணாடிகள், ஊர்க் கூரைகளில் பாவிய பலகைக்கல்லின் நீலச்சாம்பல் நிறத்தில், சுவரோடு சுவராக அமைந்திருக்கும்.